அமெரிக்காவின் நிதிச் சிக்கனவாதிகள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவது?

அமெரிக்க அரசியலைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு 'ஃபிஸ்கல் கன்சர்வேட்டிவ்' என்ற சொல் பழகியிருக்கும். கருக்கலைப்பு, துப்பாக்கி, குடியேற்றம் போன்றவற்றில் என்ன கருத்து இருந்தாலும், பண விஷயத்தில் தங்களை இப்படிச் சொல்லிக்கொள்ளும் வாக்காளர்கள் அங்கே ஏராளம். அரசு தன் வரவுக்குள் செலவு செய்ய வேண்டும், கடன் ஏறிக்கொண்டே போகக் கூடாது, வரி குறைவாக இருக்க வேண்டும், எல்லாவற்றிலும் அரசு மூக்கை நுழைக்கக் கூடாது. அவர்கள் கேட்பது இவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் அவர்களை நிதிச் சிக்கனவாதிகள் என்று வைத்துக்கொள்வோம்.

இவர்களுக்கு ஏற்ற கட்சி எது என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் குடியரசுக் கட்சி என்பார்கள். அந்தக் கட்சியும் பல காலமாகத் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறது. மேடைப் பேச்சை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். அமெரிக்க மத்திய அரசு கடைசியாக உபரி பட்ஜெட் கண்டது 2001 நிதியாண்டில். அதற்கப்புறம் இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்டுவிட்டன. ஒரு வருடம்கூட வரவு செலவைத் தொடவில்லை.

ஜனாதிபதி எந்தக் கட்சி என்பதை மட்டும் பார்த்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்பது என் கருத்து. வெள்ளை மாளிகை ஒருவர் கையிலும் நாடாளுமன்றம் இன்னொருவர் கையிலும் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன், அந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

கணக்கின் அடிப்படை

ஒரு வருடத்தில் அரசின் செலவு வரவைவிட எவ்வளவு அதிகமோ, அது அந்த வருடத்தின் பற்றாக்குறை. இப்படி வருடா வருடம் சேர்ந்து நிற்பது கடன். "பற்றாக்குறையைப் பாதியாகக் குறைத்தோம்" என்று ஓர் அரசு பெருமையடித்தால், கடன் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கடன் முன்பைவிட மெதுவாக ஏறுகிறது, அவ்வளவுதான். தேர்தல் மேடைகளில் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்பிப் பேசுவார்கள்.

அமெரிக்காவின் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கி செப்டம்பர் 30-ல் முடிகிறது. 2024 நிதியாண்டில் மத்திய அரசின் வரவு சுமார் 4.9 லட்சம் கோடி டாலர், செலவு சுமார் 6.8 லட்சம் கோடி, பற்றாக்குறை சுமார் 1.8 லட்சம் கோடி. (அவர்கள் டிரில்லியன் என்பதைத்தான் நாம் லட்சம் கோடி என்கிறோம்.) அதே ஆண்டு நவம்பரில் மொத்தக் கடன் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது.

அந்தச் செலவில் எது பெரிது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் மாதாமாதம் போகும் சோஷியல் செக்யூரிட்டி மட்டும் சுமார் 1.45 லட்சம் கோடி டாலர். அடுத்து, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர். வசதியற்றவர்களின் மருத்துவத்துக்கான மெடிகெய்ட். பாதுகாப்புத் துறைக்குச் சுமார் 85,000 கோடி. பழைய கடனுக்கான வட்டி சுமார் 88,000 கோடி, அதாவது ராணுவச் செலவையே தாண்டிவிட்டது.

இதில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் போன்றவை 'கட்டாயச் செலவு'. சட்டம் ஏற்கனவே இருப்பதால் வருடா வருடம் யாரும் வாக்களிக்காமலேயே பணம் போய்க்கொண்டிருக்கும். நாடாளுமன்றம் ஆண்டுதோறும் உட்கார்ந்து ஒதுக்குவது மொத்தச் செலவில் கால் பங்கை ஒட்டித்தான் வரும், அதிலும் பாதி ராணுவத்துக்கு. ஆகவே ராணுவத்தையும் முதியோர் திட்டங்களையும் தொடாமல் பட்ஜெட்டைச் சமன்செய்வேன் என்று ஒரு வேட்பாளர் சொன்னால், அவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று பொருள். அல்லது நாம் போடமாட்டோம் என்று நம்புகிறார். வெளிநாட்டு உதவியை நிறுத்தினால் போதும் என்பதும் இதே ரகம்தான். அது மொத்த பட்ஜெட்டில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருந்து வந்திருக்கிறது.

ஒரே பெயரில் மூன்று கூட்டம்

நிதிச் சிக்கனவாதிகள் எல்லோரும் ஒரே மாதிரி யோசிப்பவர்கள் இல்லை. ஒரு கூட்டத்துக்கு வரிதான் முக்கியம். வரியைக் குறை, மற்றதெல்லாம் தானாகச் சரியாகும் என்பார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அரசின் பருமன் முக்கியம். எத்தனை துறைகள், எத்தனை விதிமுறைகள், நாட்டின் உற்பத்தியில் எத்தனை சதவீதம் அரசு வழியாகச் செலவாகிறது என்று பார்ப்பவர்கள் இவர்கள். மூன்றாவது கூட்டத்துக்குக் கணக்கு நேராக வேண்டும், அவ்வளவுதான். செலவைக் குறைத்தாலும் சரி, வரியைக் கூட்டினாலும் சரி, அடுத்த தலைமுறையின் தலையில் கடனைக் கட்டாதே என்பது இவர்கள் பேச்சு.

ஐசனோவர் இந்த மூன்றாவது ரகம். 1950-களில் அமெரிக்காவின் உச்ச வருமான வரி விகிதம் 91 சதவீதம். குடியரசுக் கட்சிக்காரரான அவர், பட்ஜெட் சமமாகாமல் வரிக் குறைப்பு கிடையாது என்று சொந்தக் கட்சியினரிடமே மல்லுக்கு நின்றார். அவருடைய எட்டு வருட ஆட்சியில் மூன்று வருடம் உபரி வந்தது. இன்று அந்தக் கட்சியில் ஒருவர் இப்படிப் பேசிவிட்டு வேட்பாளராக நிற்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

அந்த மாற்றம் ரீகன் காலத்தில் வந்தது. 1981-ல் அவர் பதவியேற்றபோது உச்ச வரி விகிதம் 70 சதவீதம், அவர் போகும்போது 28 சதவீதம். ராணுவச் செலவையும் சேர்த்து உயர்த்தினார். கடன் ஏறக்குறைய மூன்று மடங்கானது. ரீகனே 1982-ல் நிலைமையைப் பார்த்து வரியில் ஒரு பகுதியைத் திரும்ப ஏற்றினார் என்பதை இன்றைய ரீகன் பக்தர்கள் அவ்வளவாக நினைவுபடுத்துவதில்லை. அப்போது பிரபலமான வாதம் ஒன்று உண்டு. வரியைக் குறைத்தால் அரசுக்குப் பணம் வராது, பணமில்லாத அரசு தானாகச் செலவைச் சுருக்கும் என்பார்கள். ரீகனின் பொருளாதார ஆலோசகர் குழுவில் இருந்து, பின்னர் சிறிய அரசை ஆதரிக்கும் கேட்டோ ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்த வில்லியம் நிஸ்கானென் இதைத் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கிடைத்த முடிவு நேர் எதிரானது. வரி குறைந்த காலங்களில் செலவு கூடியிருந்தது. யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. கையிலிருந்து கொடுக்காமல் கடனில் கிடைக்கும் சேவையை யார் வேண்டாம் என்பார்கள்?

1990 முதல் 2001 வரை: கணக்கு நேரான கதை

இந்தப் பத்து வருடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நவீன அமெரிக்காவில் கடன் உண்மையிலேயே கட்டுக்குள் வந்த காலம் இது ஒன்றுதான்.

1988 தேர்தலில் ஜார்ஜ் புஷ் (தந்தை) புதிய வரி கிடையவே கிடையாது என்று அடித்துச் சொல்லி ஜெயித்தார். பதவிக்கு வந்த பிறகு பற்றாக்குறை மிரட்டியது. நாடாளுமன்றம் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. 1990-ல் அவர்களோடு பல மாதம் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். உச்ச வரி 28-லிருந்து 31 சதவீதமானது. பதிலுக்குச் செலவுகளுக்கு உச்சவரம்பு வந்தது. அதோடு ஒரு விதியும் வந்தது: புதிதாக வரிச் சலுகையோ கட்டாயச் செலவோ கொண்டுவந்தால் அதற்கான பணத்துக்கும் வழி சொல்ல வேண்டும். 'பே-கோ' என்று அழைக்கப்பட்ட இந்த விதிதான் அடுத்த பத்து வருடம் இரு கட்சிகளின் கையையும் கட்டிப்போட்டது.

புஷ்ஷுக்கு என்ன கிடைத்தது? நியூட் கிங்ரிச் தலைமையில் சொந்தக் கட்சியினரே கலகம் செய்தார்கள். 1992-ல் தோற்றார். அந்தத் தேர்தலில் ராஸ் பெரோ என்ற டெக்ஸஸ் கோடீஸ்வரர் சுயேச்சையாக நின்று, தொலைக்காட்சியில் அரை மணி நேரம் வரைபடங்களை வைத்துக்கொண்டு கடனைப் பற்றிப் பாடம் நடத்தினார். கிட்டத்தட்ட 19 சதவீத வாக்குகள் அவருக்கு விழுந்தன. ஒரு மாநிலம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் கடனைப் பற்றிப் பேசினால் ஓட்டு விழும் என்பது இரண்டு கட்சிக்கும் புரிந்தது.

1993-ல் கிளின்டன் உச்ச வரியை 39.6 சதவீதமாக்கினார். குடியரசுக் கட்சியில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளில் பிரதிநிதிகள் சபையில் 218-க்கு 216, செனட்டில் சம வாக்குகள், துணை ஜனாதிபதி அல் கோர் தன் ஓட்டைப் போட்டுத்தான் நிறைவேற்ற வேண்டியிருந்தது. இது பொருளாதாரத்தைக் கவிழ்த்துவிடும் என்று எதிர்த்தரப்பு சொன்னது, அப்படி நடக்கவில்லை. அடுத்த வருடத் தேர்தலில் நாற்பது வருடத்துக்குப் பிறகு பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சிக்குப் போனது. கிங்ரிச் சபாநாயகரானார். சமச்சீர் பட்ஜெட்டை அரசியல் சட்டத்திலேயே எழுதிவிடும் திருத்தம் 1995-ல் செனட்டில் ஒரே வாக்கில் தோற்றது. கிளின்டனும் கிங்ரிச்சும் முட்டிக்கொண்டதில் அரசு அலுவலகங்கள் 1995 டிசம்பர் நடுவிலிருந்து 21 நாள் மூடிக் கிடந்தன. அப்புறம் இருவருமே களைத்துப்போய் 1997-ல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

1998-ல் சுமார் 6,900 கோடி டாலர் உபரி. 2000-ல் சுமார் 23,600 கோடி. நான்கு வருடம் தொடர்ந்து உபரி.

இந்தப் பெருமை யாருக்கு? ஜனநாயகக் கட்சியினர் 1993 வரியைக் காட்டுவார்கள். குடியரசுக் கட்சியினர் கிங்ரிச் சபையைக் காட்டுவார்கள். பனிப்போர் முடிந்து ராணுவச் செலவு சரிந்ததையும், பங்குச் சந்தை கொழித்ததில் வரி வருமானம் கொட்டியதையும் இரண்டு பேருமே அடக்கி வாசிப்பார்கள். என்னைக் கேட்டால், தந்தை புஷ்ஷுக்குத்தான் முதல் மாலை போட வேண்டும். வேலைக்கு அடித்தளம் போட்டவர் அவர், அதற்காகப் பதவியையும் இழந்தவர். அவர் கதையைப் பார்த்த கட்சிக்காரர்கள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: வரி ஏற்றுவதற்கு எந்தக் காலத்திலும் கை தூக்காதே. வரி எதிர்ப்பாளர் குரோவர் நார்க்விஸ்டின் அமைப்பு 1986-லிருந்தே வேட்பாளர்களிடம் வரி ஏற்றமாட்டேன் என்ற உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிவந்தது. 1992-க்குப் பிறகு அந்தத் தாளில் கையெழுத்துப் போடாத குடியரசுக் கட்சிக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு

மகன் புஷ் வந்தபோது கையில் உபரி இருந்தது. 2001-லும் 2003-லும் வரிக் குறைப்பு, ஆப்கானிஸ்தான், இராக் என்று இரண்டு போர், 2003-லேயே முதியோருக்கு மருந்துச் செலவைத் தரும் புதிய மெடிகேர் திட்டம். போருக்கும் மருந்துக்கும் தனியாக வரி எதுவும் போடவில்லை. 'பே-கோ' விதி 2002-ல் காலாவதியானது, அப்போது புதுப்பிக்க யாருக்கும் மனம் வரவில்லை. பெரும்பாலான காலம் ஜனாதிபதி பதவி, இரண்டு சபைகள் எல்லாமே குடியரசுக் கட்சியின் கையில்தான் இருந்தன.

ஒபாமா வந்தபோது நிதி நெருக்கடி. 2009-ல் பற்றாக்குறை 1.4 லட்சம் கோடி. அவருடைய பொருளாதார ஊக்கத் திட்டத்தையும் வங்கிகளுக்கான மீட்புப் பணத்தையும் எதிர்த்துக் கிளம்பியதுதான் டீ பார்ட்டி இயக்கம். 2010 தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் கூடுதலாக 63 இடங்களைப் பிடித்தது. அதே வருடம் ஒபாமா அமைத்த சிம்ப்சன்-போல்ஸ் குழு, வரியை ஏற்றியும் முதியோர் திட்டங்களைத் திருத்தியும் கணக்கைச் சரிசெய்ய ஒரு திட்டம் கொடுத்தது. 18 பேரில் 14 பேர் ஒப்புக்கொண்டால் நாடாளுமன்றத்துக்குப் போகும். ஒப்புக்கொண்டவர்கள் 11 பேர். மறுத்தவர்களில் இரு கட்சியினரும் உண்டு. பட்ஜெட் நிபுணர் என்று பெயரெடுத்த குடியரசுக் கட்சியின் பால் ரயனும் மறுத்தவர்களில் ஒருவர்.

2011-ல் கடன் உச்சவரம்புச் சண்டை. இந்த உச்சவரம்பு விநோதமான ஏற்பாடு. செலவுக்கு ஒப்புதல் கொடுத்தது நாடாளுமன்றம்தான். அந்தச் செலவுக்கான கடனை வாங்க அனுமதிப்பதா என்று மறுபடியும் அதே நாடாளுமன்றம் ஓட்டுப் போடுகிறது. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு பில்லைக் கட்டலாமா வேண்டாமா என்று மேஜையில் விவாதம் நடத்துவதுபோல. அந்த இழுபறியில் எஸ் அண்ட் பி என்ற கடன் தர மதிப்பீட்டு நிறுவனம் அமெரிக்காவின் கடன் தரத்தை முதல் முறையாகக் குறைத்தது. ஆனால் அதே சண்டையிலிருந்து வந்த சட்டம் செலவுகளுக்கு வரம்பு போட்டது. 2012, 2013 என்று தொடர்ந்து இரண்டு வருடம் மத்திய அரசின் மொத்தச் செலவே குறைந்தது. 2015-ல் பற்றாக்குறை சுமார் 44,000 கோடிக்கு இறங்கியது. டீ பார்ட்டியை எவ்வளவு கிண்டல் செய்தாலும் இந்த எண்களை மறுக்க முடியாது.

2017-ல் டிரம்ப். இப்போது எல்லாம் ஒரே கட்சியின் கையில். நிறுவன வரி 35-லிருந்து 21 சதவீதமானது. பத்து வருடத்தில் இதனால் பற்றாக்குறை சுமார் 1.9 லட்சம் கோடி கூடும் என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது. அடுத்த வருடம் 2011-ன் செலவு வரம்புகளையும் உயர்த்தினார்கள். பொருளாதாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த 2019-லேயே பற்றாக்குறை 98,400 கோடியைத் தொட்டுவிட்டது. அதன்பிறகு கொரோனா. 2020-ல் பற்றாக்குறை 3.1 லட்சம் கோடி. அந்த வருடத்துக்கு எந்தக் கட்சியையும் குறை சொல்வது நியாயமில்லை.

பைடன் 2021 மார்ச்சில், பொருளாதாரம் மீளத் தொடங்கிவிட்ட நேரத்தில், மேலும் 1.9 லட்சம் கோடி டாலருக்கு ஒரு திட்டத்தைத் தன் கட்சி ஓட்டுகளை மட்டும் வைத்து நிறைவேற்றினார். மாணவர் கடன் தள்ளுபடி என்று ஒன்றை நிர்வாக ஆணையிலேயே அறிவித்தார். சுமார் 40,000 கோடி செலவாகும் என்று மதிப்பிடப்பட்ட அதை 2023-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சின் என்ற ஒரே ஒரு ஜனநாயகக் கட்சி செனட்டர் முரண்டு பிடிக்காமல் இருந்திருந்தால் இன்னொரு பெரிய செலவுத் திட்டமும் சட்டமாகியிருக்கும்.

மறுபடியும் டிரம்ப். 2025 தொடக்கத்தில் ஈலான் மஸ்க் தலைமையில் செலவுக் குறைப்புக்கென்றே ஓர் அமைப்பு, 'டோஜ்'. இரண்டு லட்சம் கோடி மிச்சம் பிடிக்கலாம் என்று முதலில் சொன்னார் மஸ்க். அந்த நிதியாண்டு முடிந்தபோது பற்றாக்குறை முந்தைய வருடத்தைப் போலவே சுமார் 1.8 லட்சம் கோடியில் நின்றது. ஆட்களைக் குறைத்தார்கள், அலுவலகங்களை மூடினார்கள். பணம் அங்கே இல்லை. அது முதியோர் திட்டங்களிலும் வட்டியிலும் இருக்கிறது. 2025 ஜூலை 4-ல் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டம் பத்து வருடத்தில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி கூட்டும் என்று பட்ஜெட் அலுவலகம் கணக்கிட்டது. செனட் குடியரசுக் கட்சியினர் அதற்கு ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். முடியவிருந்த பழைய வரிச் சலுகைகள் எப்படியும் தொடரும் என்று வைத்துக்கொண்டால், அவற்றை நீட்டிக்க ஆகும் செலவு பூஜ்யம் என்று கணக்கெழுதினார்கள். இந்தக் கணக்கை ஜனநாயகக் கட்சி எழுதியிருந்தால் இவர்கள் என்ன குதி குதித்திருப்பார்கள்!

சரி, யாருக்குத்தான் போடுவது?

முதல் ரகம், அதாவது வரிதான் முக்கியம் என்பவர்களுக்குக் குழப்பமே இல்லை. குடியரசுக் கட்சி அவர்களுக்குச் சொன்னதைச் செய்திருக்கிறது. ரீகன், மகன் புஷ், டிரம்ப் இரண்டு முறை. மற்றதில் எப்படியோ, இதில் அந்தக் கட்சி வாக்குத் தவறவில்லை. (டிரம்பின் இறக்குமதி வரிகளும் வரிதான் என்று ஒரு முணுமுணுப்பு அவர்களுக்குள்ளேயே உண்டு.)

அரசின் பருமன் முக்கியம் என்பவர்களுக்குப் பேச்சளவில் நெருக்கமானது குடியரசுக் கட்சி. ஜனநாயகக் கட்சியின் கனவுகளான அனைவருக்கும் அரசு மருத்துவம், குழந்தைகள் காப்பகத்துக்கு மானியம் எல்லாம் அரசைப் பெரிதாக்குபவை, அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. "நம் கட்சி செலவைக் குறைக்கவில்லை, சரி. ஆனால் எதிர்க்கட்சி வந்தால் இன்னும் கூடும்" என்று குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மெடிகேரை மாற்றியமைக்கும் திட்டத்தைத் துணிந்து எழுதி வைத்தவர் பால் ரயன். சோஷியல் செக்யூரிட்டியில் கைவைக்க 2005-ல் முயன்று சூடுபட்டவர் மகன் புஷ். ஆனால் அந்தக் கட்சி இன்று அங்கே இல்லை. சோஷியல் செக்யூரிட்டியையும் மெடிகேரையும் தொடமாட்டேன் என்பது டிரம்பின் நிரந்தர வாக்குறுதி.

மூன்றாவது ரகத்துக்குத்தான் வீடே இல்லை. ஜனநாயகக் கட்சியில் இவர்களுக்கென்று 'ப்ளூ டாக்' என்ற குழு 1995-ல் உருவானது. பெரும்பாலும் தென்மாநில, கிராமப்புறத் தொகுதிக்காரர்கள். 2008-க்குப் பிறகு ஐம்பதுக்கு மேல் இருந்தார்கள், 2010 தேர்தலில் பாதிப் பேர் காணாமல் போனார்கள். அவர்களைத் தோற்கடித்தது, கடனைக் குறைப்போம் என்று கிளம்பிய டீ பார்ட்டி அலைதான்! இதில் உள்ள கோணல் எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது கட்சி? 1971-ல் தொடங்கிய லிபர்டேரியன் கட்சியின் கொள்கை மூன்று ரகத்துக்குமே தித்திக்கும். குறைந்த அரசு, குறைந்த வரி, குறைந்த கடன். ஆனால் ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் தேர்தல் முறையில் அதற்கு வழியில்லை. அவர்களுடைய உச்சம் 2016-ல் நியூ மெக்ஸிகோவின் முன்னாள் ஆளுநர் கேரி ஜான்சன் வாங்கிய 3.3 சதவீதம். 2024-ல் அரை சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கலிஃபோர்னியா போல முடிவு முன்பே தெரிந்த மாநிலத்தில் இருப்பவர் எதிர்ப்பைப் பதிவுசெய்ய அங்கே ஓட்டைப் போடலாம். இழுபறி மாநிலமான பென்சில்வேனியாவில் இருப்பவர் நன்றாக யோசித்துவிட்டுப் போட வேண்டும்.

கணக்கைத் தேதிவாரியாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. பற்றாக்குறை தொடர்ந்து இறங்கிய இரண்டு நீண்ட காலங்கள், 1995-2000, 2011-2015. இரண்டிலும் ஜனாதிபதி ஜனநாயகக் கட்சி, பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சி. ஜனாதிபதி கேட்கும் செலவைச் சபை மறுக்கிறது, சபை கேட்கும் வரிக் குறைப்பை ஜனாதிபதி மறுக்கிறார். இரண்டு பேரும் ஆசைப்பட்டது நடக்காததால் கணக்கு தேறுகிறது. பிரிந்த ஆட்சியில் செலவு மெதுவாக வளர்கிறது என்று முன்பே சொன்ன நிஸ்கானெனும் எழுதியிருக்கிறார்.

இதை மந்திரம் என்று நினைக்க வேண்டாம். ரீகனின் எட்டு வருடமும் பிரதிநிதிகள் சபை எதிர்க்கட்சியிடம்தான் இருந்தது. அங்கே ஆளுக்குக் கொஞ்சம் என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள், அவருக்கு ராணுவம், அவர்களுக்குச் சமூகத் திட்டங்கள். 2023-ல் பைடனும் சபாநாயகர் மெக்கார்த்தியும் செலவு வரம்பு போட்டும் பற்றாக்குறை இறங்கவில்லை, வட்டியும் முதியோர் திட்டங்களும் அந்த வரம்புக்கு வெளியே இருந்ததால். இரண்டு உதாரணங்களை வைத்துக்கொண்டு விதி எழுத முடியாது. ஆனாலும் கடன்தான் உங்கள் முதல் கவலை என்றால், ஜனாதிபதிக்கு ஒரு கட்சி, பிரதிநிதிகள் சபைக்கு மறுகட்சி என்று ஓட்டைப் பிரித்துப் போடுவது இப்போதைக்கு இருப்பதில் உருப்படியான வழி. எல்லாவற்றையும் ஒரே கட்சியிடம் கொடுத்த 2003, 2017, 2021, 2025 ஆகிய நான்கு வருடங்களிலும் பெரிய பெரிய சட்டங்கள் பணத்துக்கு வழி சொல்லாமலேயே வந்தன.

மாநில அளவில் கேள்வியே வேறு. வெர்மான்ட் தவிர ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் பட்ஜெட் சமமாக இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதனால் அங்கே ஆட்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கான்சஸில் குடியரசுக் கட்சி ஆளுநர் சாம் பிரௌன்பேக் 2012-ல் வருமான வரியை வெட்டினார். வருவாய் படுத்தது. 2017-ல் அவருடைய கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம் அவர் தடையையும் மீறி வரியைத் திரும்ப ஏற்றியது. கலிஃபோர்னியாவில் ஜனநாயகக் கட்சியின் ஜெர்ரி பிரௌன் 2011-ல் பெரும் பற்றாக்குறையோடு பதவியேற்று, செலவை வெட்டி, மக்களிடம் கேட்டு வரியையும் ஏற்றி, 2019-ல் உபரியும் சேமிப்பு நிதியும் வைத்துவிட்டுப் போனார். அதே கட்சி பெரும்பாலும் ஆளும் இல்லினாய் மாநிலமோ ஊழியர் ஓய்வூதியக் கடனில் மூச்சுத் திணறுகிறது.

இன்னொன்று, நவம்பர் தேர்தலைவிடக் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் சிக்கனவாதியின் ஓட்டுக்குக் கனம் அதிகம். 2025 சட்டத்துக்குக் கடனைக் காரணம் காட்டி மறுத்து ஓட்டளித்த குடியரசுக் கட்சிக்காரர்களில் கென்டக்கியின் இரண்டு பேர் உண்டு, செனட்டர் ரேண்ட் பால், பிரதிநிதி தாமஸ் மாஸி. மாஸிக்கு எதிராகப் பிரைமரியில் ஆள் நிறுத்துவேன் என்று டிரம்ப் வெளிப்படையாகவே அறிவித்தார். இப்படிப்பட்டவர்கள் பிழைப்பதும் போவதும் கென்டக்கியில் மே மாதம் நடக்கும் பிரைமரி ஓட்டில்தான். டெக்ஸஸ், வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் யாரும் ஓட்டளிக்கலாம். கென்டக்கியில் அந்தக் கட்சியின் வாக்காளராகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி, கட்சி மாற நினைப்பவர் முந்தைய வருடம் டிசம்பர் 31-க்குள் மாறியிருக்க வேண்டும்.